தூங்கி ஜெயித்த பந்து: ஜிக்லிபஃபின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு ரோஸ் கலர் பந்தைப் பத்தி.

பெரிய கண்ணு, நெத்தியில் ஒரு சுருட்டை முடி, காத்து மாதிரி எடை. இதோட ஷீல்ட் உடைஞ்சா எதிரி அடிக்கவே வேண்டாம், இதுவே மேலே பறந்து போய்ச் செத்துடும். இதோட பாட்டால பெரிய பிரயோஜனம் கிடையாது. இதோட மிகப் பெரிய அடி எதுன்னா, களத்தோட நடுவுல, எதிரிக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குறது. ஜோக் இல்லைங்க, உண்மையாவே தூங்கும்.

இந்தப் பந்தை வெச்சுக்கிட்டு ஒருத்தர் 2017, 2018, 2019 ஆகிய மூன்று வருஷமும் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். மூன்றாவது வருஷம் அவர் ஒரு டோர்னமெண்ட்டை ஜெயிச்சு முடிச்சதும் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருத்தர் அவர் மேல ஒரு செத்த நண்டைத் தூக்கி வீசினார்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை. கேம் விளையாடாதவங்களும் பயப்படாம கேளுங்க. நான் பேசப்போற விஷயம் ரொம்பப் பழசு: உன்னைவிட வேகமான, பலமான ஒருத்தனை நீ எப்படி நெருங்குவ? நெருங்கித்தான் ஆகணுமா?

முதல்ல களம்

1999-ல் நின்டெண்டோ 64-க்கு ஒரு கேம் வந்தது. பேர் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ். ஹால் லேபரட்டரி நிறுவனத்தில் மசாஹிரோ சகுராய் இயக்கியது. மாரியோ, பிக்காச்சு, கர்பி, ஃபாக்ஸ்னு வேற வேற கேம்களில் வாழ்ந்தவங்களை ஒரே மேடையில ஏத்தி அடிச்சுக்க விட்டார்.

டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி இது இல்லை. அதுல மேலே ஒரு உயிர்க்கோடு இருக்கும், அது தீர்ந்தா ஆள் அவுட். இங்க உயிர்க்கோடு கிடையாது. அடி வாங்க வாங்க உங்க சதவீதம் ஏறும். சதவீதம் ஏற ஏற, அடுத்த அடிக்கு நீங்க இன்னும் தூரமாகப் பறப்பீங்க. மேடையை விட்டு வெளியே, திரையின் எல்லையைத் தாண்டிப் பறந்துட்டா ஒரு உயிர் போச்சு. அதனால இந்த விளையாட்டில் ரெண்டு சண்டை நடக்குது. ஒண்ணு, மேடையில் யாருக்கு இடம்ங்கற சண்டை. இன்னொண்ணு, வெளியே விழுந்தவன் திரும்பி வர்றதைத் தடுக்கிற சண்டை. ப்ளாட்ஃபார்ம் ஃபைட்டர்னு இந்த வகைக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

அந்த முதல் கேமில் 12 கேரக்டர்கள். அதில் 4 பேர் மறைஞ்சிருப்பாங்க, விளையாடித்தான் திறக்கணும். நால்வரில் ஒண்ணு ஜிக்லிபஃப். போக்கிமானில் பாட்டுப் பாடி எல்லாரையும் தூங்க வெச்சுட்டு, 'ஏன்டா தூங்குறீங்க'ன்னு கோபத்தில் மூஞ்சியில் கிறுக்கிட்டுப் போகுமே, அதேதான். இனி சுருக்கமா பஃப்னு சொல்றேன். பேக்கரி பஃப்ஸ் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.

2001 நவம்பர்ல ஜப்பானிலும் டிசம்பர்ல அமெரிக்காவிலும் அடுத்த பாகம் வந்தது, கேம்க்யூபில். பேர் மெலீ. இன்னிக்கும் மக்கள் பழைய ட்யூப் டிவிகளைத் தூக்கிட்டு வந்து டோர்னமெண்ட் நடத்துற கேம் அது. எல்சிடி திரையில் வர்ற சின்னத் தாமதம்கூட ஆட்டத்தைக் கெடுத்துடும், அவ்வளவு வேகம். டோர்னமெண்ட் விதி எளிது: ஆளுக்கு 4 உயிர், 8 நிமிஷம், இடையில் விழற ஆயுதம், பொருள் எல்லாம் அணைச்சு வெச்சிடணும்.

இந்த மெலீயில் வேகம்தான் ராஜா. ஃபாக்ஸ், ஃபால்கோ, ஷீக், மார்த். ஓடு, பின்வாங்கு, மறுபடி ஓடு, அடி. அந்தக் கூட்டத்தில் பஃப் தரையில் நடக்கறதைப் பார்த்தா, ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம மாமா நடக்கிற மாதிரி இருக்கும். ஆரம்ப வருஷங்களில் கேரக்டர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டவங்க பஃபை உச்சியில் வைக்கலை. வைக்காததில் ஆச்சரியமும் இல்லை.

காத்தில் வேற கதை

அந்தப் பட்டியல்காரங்க கணக்கில் எடுக்காதது வானத்தை.

மெலீயில் பெரும்பாலான கேரக்டர்கள் தரையிலிருந்து ஒரு தாவு, அந்தரத்தில் இன்னொரு தாவு, அவ்வளவுதான். பஃப் அந்தரத்திலேயே 5 தாவு தாவும். அதைவிட முக்கியம், அந்தரத்தில் பக்கவாட்டில் நகர்ற வேகத்தில் மொத்த கேமிலும் முதலிடம் பஃபுக்குத்தான். தரையில் ஆமை, காத்தில் பருந்து.

இதோட அர்த்தத்தைக் கொஞ்சம் யோசிங்க. ஃபாக்ஸ் தாவினா, தாவின அந்த நொடியே எங்க இறங்கும்னு ஓரளவு கணிச்சிடலாம். பஃப் தாவினா கணிக்க முடியாது. முன்னால வர்ற மாதிரி வரும், பாதியில் பின்னால போயிடும். இறங்கப்போற மாதிரி இருக்கும், இன்னொரு தாவு தாவிடும். எங்கே, எப்போ இறங்கும்ங்கறதை அது கடைசி வரைக்கும் கையிலேயே வெச்சிருக்கும்.

இதை நமக்குத் தெரிஞ்ச ஒரு விளையாட்டை வெச்சுச் சொல்றேன். கபடியில் ரெய்டர் உள்ள போறதைப் பாருங்க. நேரா ஓடிப் போய் யாரையும் தொட மாட்டார். ஒரு காலை நீட்டுவார், இழுப்பார். இந்தப் பக்கம் ஒரு பாவனை, அந்தப் பக்கம் ஒரு பாவனை. எதிர்க்கட்சியில் யாரோ ஒருத்தர் பொறுமை இழந்து 'புடிச்சிடலாம்'னு பாயற அந்தக் கணத்துக்குத்தான் காத்திருப்பார். பாஞ்சவன் கை காத்தைப் பிடிக்கும், ரெய்டர் தொட்டுட்டுக் கோட்டைத் தாண்டியிருப்பார். ரெய்டர் எதிரியை நெருங்கினாரா, எதிரி ரெய்டரை நெருங்கினானா? ரெண்டாவதுதான்.

பஃபின் ஆட்டமும் அதுவே. அதோட முக்கிய ஆயுதம் பேக் ஏர். அந்தரத்தில் இருக்கும்போது முதுகுப் பக்கம் உதைக்கிற ஒரு உதை. பார்க்க ஒண்ணுமில்லை. ஆனா அந்தக் கால் பஃபோட உடம்பளவுக்குச் சரியாவே நீளும். எதிரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தரையை ஒட்டிச் சின்னதா ஒரு தாவு, உதையின் நுனி மட்டும் எதிரி மேல படற தூரம், பட்டதும் படாததும் பின்னால மிதந்து போயிடறது. எதிரி திருப்பி அடிக்கும்போது பஃப் அங்க இருக்காது. மறுபடி வரும், மறுபடி உதை. இதைத் திரும்பத் திரும்பச் செஞ்சா எதிரிக்கு முன்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் நகர்ந்து வர்ற மாதிரி இருக்கும்.

மேடைக்கு வெளியே அந்தச் சுவர் இன்னும் கொடுமை. வெளியே தூக்கி எறியப்பட்ட எதிரி திரும்பி வரப் பார்ப்பான். பஃப் பின்னாடியே பறந்து போகும். ஒரு உதை, ஒரு தாவு, இன்னொரு உதை, இன்னொரு தாவு. எதிரிக்குத் தாவு தீர்ந்திருக்கும், பஃபுக்கு இன்னும் மிச்சமிருக்கும். எல்லை வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு, அது மட்டும் மிதந்து வீட்டுக்கு வந்துடும். வலியின் சுவர்னு அர்த்தம் வர்ற மாதிரி இதுக்கு ரசிகர்கள் வெச்ச பேர், வால் ஆஃப் பெய்ன்.

சுவருக்கு இன்னும் ரெண்டு மூணு துணை வேலைகள் உண்டு. ஒண்ணு, உதைக்காம சும்மா தாவி வந்து இறங்கறது. உதை வரும்னு எதிரி ஷீல்டுக்குள்ள ஒளிஞ்சிருப்பான், பஃப் இறங்கி அப்படியே அவனைப் பிடிச்சிடும். இன்னொண்ணு குனியறது. பஃப் குனிஞ்சா தரையோட தரையா தோசை மாதிரி தட்டையாகிடும். பல கேரக்டர்கள் பிடிக்க நீட்டுற கை அதோட தலைக்கு மேல போயிடும். அப்புறம் பவுண்ட்னு ஒரு குத்து. அதை அடிக்க மட்டுமில்லை, அந்தரத்தில் இன்னும் கொஞ்சம் தங்கி எதிரியின் கணக்கைக் குழப்பவும் போடுவாங்க.

பஃபோட நெருங்கும் வித்தை, ஒரே வரியில்: நான் வர மாட்டேன், ஆனா நீ நிக்கிற இடம் உனக்குச் சின்னதாகிக்கிட்டே போகும்.

தூக்கம் என்னும் ஆயுதம்

இப்போ அந்தத் தூக்கத்துக்கு வருவோம். அந்த அடியோட பேர் ரெஸ்ட்.

மெலீ ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும். பெரும்பாலான அடிகளுக்குக் கையை ஓங்க, காலைத் தூக்கச் சில ஃப்ரேமாவது ஆகும். ரெஸ்டுக்கு ஓங்கறதே கிடையாது. பட்டனை அழுத்தின முதல் ஃப்ரேமிலேயே அடி விழும். மொத்த கேமிலும் மிக பலமான அடிகளில் ஒண்ணு, குறைஞ்ச சதவீதத்தில்கூட ஒரு உயிரை எடுத்துடும். ஆனா அடி இருக்கிற இடம் பஃபோட உடம்புக்கு நடுவுல ஒரு சின்ன வட்டம். எதிரியின் உடம்பு அதுமேல பட்டே ஆகணும். ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் படாது.

படலைன்னா? பஃப் தூங்கிடும். எழுந்திரிக்க மொத்தம் 249 ஃப்ரேம், அதாவது நாலு நொடிக்கும் கொஞ்சம் மேல. மெலீயில் நாலு நொடிங்கறது ஒரு யுகம். எதிரி நிதானமா நடந்து வந்து, இடம் பார்த்து நின்னு, முழு பலத்தையும் சேர்த்து அடிக்கலாம். எடை இல்லாத பஃப் போயே போயிடும். ரெஸ்ட் சரியா பட்டாலும் நிம்மதி கிடையாது. செத்த எதிரி அடுத்த உயிரோட இறங்கி வந்து, இன்னும் தூங்கிட்டிருக்கிற பஃபை அடிக்கறதும் அடிக்கடி நடக்கும்.

அதனால குத்துமதிப்பா ரெஸ்ட் போட்டா கதை முடிஞ்சது. உறுதியா படும்ங்கற நிலைமையை முதல்ல உருவாக்கணும். அந்த நிலைமையை உருவாக்கறதுதான் பஃபோட காம்போ.

மத்த சண்டை கேம்களில் காம்போன்னா மனப்பாடம் பண்ணின பட்டன் வரிசை, ட்ரெயினிங் ரூமில் பழகிட்டு வந்து அப்படியே போடலாம். மெலீயில் அது முழுசா செல்லாது. அடி படற கணத்தில் அதை வாங்கறவன் ஸ்டிக்கைச் சாய்ச்சு, தான் பறக்கிற கோணத்தை மாத்தலாம். டிஐன்னு சொல்வாங்க. அடி வாங்கறவனுக்கும் கடைசி வரை ஒரு பதில் இருக்குன்னு அர்த்தம். அதோட சதவீதம் என்ன, எடை என்ன, எவ்வளவு வேகமா கீழே விழற கேரக்டர்ங்கறதைப் பொறுத்து அதே அடி வேற வேற இடத்தில் கொண்டு போய் விடும்.

இங்கதான் வேடிக்கை. ஃபாக்ஸும் ஃபால்கோவும் கேமிலேயே ரொம்ப வேகமா கீழே விழற கேரக்டர்கள். அந்த வேகம்தான் அவங்க பலம், சீக்கிரம் தரைக்கு வந்து சீக்கிரம் அடிக்கலாம். ஆனா பஃப் அவங்களை மேலே லேசா ஒரு தட்டு தட்டினா, அதே வேகத்தில் நேரா பஃப் மடியிலேயே வந்து விழுவாங்க. மேலே தூக்கி எறி, விழும்போது தாவிப் போய் ரெஸ்ட். மேல்நோக்கி ஒரு உதை, அடுத்து ரெஸ்ட். கீழே துளை போடற மாதிரி சுத்திச் சுத்தி உதைக்கிற ஒரு அடி உண்டு, அது தரையில் முடியும்போது எதிரி பக்கத்திலேயே திணறி நிப்பான், அங்கே ரெஸ்ட். பீச் மாதிரி மெதுவா மிதக்கிற கேரக்டருக்கு எதிரா இந்தக் கதவுகளில் பாதி மூடியிருக்கும். அவங்களுக்குச் சுவர்தான் மருந்து.

அதாவது, கேமின் ராஜாக்களுக்கு எதிராத்தான் இந்தப் பந்துக்கு இருக்கிறதிலேயே கூர்மையான கத்தி இருந்தது. அதை எடுத்துக் காட்ட ஒரு ஆள் வேணும்.

2008: மாங்கோ

2008 பிப்ரவரி. அடுத்த ஸ்மாஷ் கேமான ப்ரால் ஜப்பானில் அப்போதான் ரிலீஸ் ஆகியிருக்கு, அமெரிக்காவுக்கு மார்ச்சில் வரப்போகுது. மெலீயோட காலம் முடிஞ்சதுன்னு பலரும் நினைச்ச நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பவுண்ட் 3-ன்னு ஒரு பெரிய டோர்னமெண்ட். பஃபோட குத்துக்கும் பவுண்ட்னுதான் பேர், இது வேற, குழப்பிக்க வேண்டாம்.

அங்க வந்து ஜெயிச்சது கலிபோர்னியாவின் நார்வாக்கைச் சேர்ந்த 16 வயசுப் பையன். ஜோசப் மார்க்கெஸ், கேமில் பேர் மாங்கோ. ஆடினது பஃப். மியூட்டூகிங் மாதிரி ஒவ்வொரு அடியின் ஃப்ரேம் எண்ணையும் விரல் நுனியில் வெச்சிருந்த பெரிய தலைகள் இருந்த காலம் அது.

அடுத்த வருஷம், 2009 ஜூலையில் கலிபோர்னியாவின் ஆண்டியாக்கில் ஜெனிசிஸ் டோர்னமெண்ட். ஸ்வீடனிலிருந்து ஆர்மாடாங்கற ஆட்டக்காரர் பீச்சோட வந்து அமெரிக்காவையே கலங்க அடிச்சார். ஃபைனலில் அவரைத் தாண்டி ஜெயிச்சதும் மாங்கோதான்.

மாங்கோவின் பஃப் முன்னால போற பஃப். சுவரைக் கட்டிட்டு நிக்காது, சுவரோடயே எதிரி மேல சாயும். பார்க்கறவங்களுக்குக் கொண்டாட்டம். இதை எல்லாரும் சின்னப் பையன் பெரிய ஆளுங்களைச் சாய்ச்ச கதையாத்தான் சொல்வாங்க. இந்த இடத்தை மனசுல வெச்சுக்கங்க, பதினோரு வருஷம் கழிச்சு இதே பவுண்டுக்குத் திரும்பி வருவோம்.

அதுக்கப்புறம் மாங்கோ மெல்ல ஃபாக்ஸ், ஃபால்கோ பக்கம் போயிட்டார். பஃபை எடுத்துக்கிட்டு நின்னது இன்னொருத்தர்.

ஹங்ரிபாக்ஸ்

ஹுவான் டிபியெட்மா. அர்ஜென்டினா வேர் கொண்ட குடும்பம், ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர், வேதிப் பொறியியல் படிச்சவர். கேமில் பேர் ஹங்ரிபாக்ஸ். 2010 ஜனவரியில் பவுண்ட் 4 டோர்னமெண்ட்டை ஜெயிச்சு மேலே வந்தார். அப்போதிலிருந்து பட்டியல்களில் பஃப் முதல் ஐந்து இடங்களை ஒட்டியே இருக்கத் தொடங்கிச்சு.

இவருடைய பஃப் வேற மாதிரி. மாங்கோ பாயற இடத்தில் இவர் காத்திருப்பார். சுவரைக் கட்டுவார், ஒரு அடி பின்னால போவார், பார்ப்பார். எதிரி தப்புப் பண்றவரைக்கும் அவசரமே கிடையாது. தப்புப் பண்ணின அந்த நொடியில் ரெஸ்ட்.

எதிரிகளும் சும்மா இருக்கலை. 2010-களின் தொடக்கத்தில் ஆர்மாடா, ஹங்ரிபாக்ஸுக்காகவே தன்னோட பீச்சை ஓரமா வெச்சுட்டு யங் லிங்கைக் கையில் எடுத்தார். அம்பு, பூமராங், வெடிகுண்டுன்னு தூரத்திலிருந்தே எறிஞ்சுக்கிட்டு இருக்கிற கேரக்டர். யோசனை எளிது: சுவர் உதையின் நீளத்துக்குத்தான் இருக்கும், அதுக்கு வெளியே நின்னு கல்லெறி. வேற சிலர் ஃபாக்ஸை வெச்சுக்கிட்டே அதைச் செஞ்சாங்க. ஃபாக்ஸின் லேசர் எதிரியைத் தள்ளாது, சதவீதத்தை மட்டும் ஏத்தும். தூரமா ஓடு, சுடு, ஓடு, சுடு. இப்போ பஃப்தான் வந்தாகணும். வந்தா ஒரு நல்ல அடிக்கே தாங்காது.

கவனிச்சீங்களா? யார் யாரை நெருங்கணும்ங்கறதுதான் ரெண்டு பக்கமும் சண்டையே.

எவோன்னு சண்டை கேம்களின் மிகப் பெரிய திருவிழா, வருஷா வருஷம் லாஸ் வேகாஸில் நடக்கும். 2014 எவோவில் ஹங்ரிபாக்ஸ் ஃபைனல் வந்து மாங்கோவிடம் தோத்தார். 2015-ல் மறுபடி ஃபைனல், இந்தத் தடவை ஆர்மாடாவிடம் தோல்வி. 2016-ல் மறுபடி ஃபைனல், எதிரே மறுபடி ஆர்மாடா, கையில் ஃபாக்ஸ்.

அந்த ஃபைனலுக்கு ஹங்ரிபாக்ஸ் வந்தது தோத்தவங்க வரிசை வழியா. ஒருதடவை தோத்தா வெளியே போகமாட்டீங்க, ரெண்டாவது தடவை தோத்தாதான் அவுட்ங்கற முறை. அதனால கோப்பை வேணும்னா ஆர்மாடாவை அவர் அடுத்தடுத்து ரெண்டு செட் ஜெயிக்கணும். ஜெயிச்சார். ஜெயிச்சதும் மேடையிலேயே உடைஞ்சு அழுதார். நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கவனிக்கிறது அவர் கையைத்தான். ரெண்டு வருஷம் கடைசிப் படியில் வழுக்கினவர், மூணாவது வருஷமும் அவசரப்படலை. அதே சுவர், அதே காத்திருப்பு.

நண்டு

கோப்பைக்கு அப்புறம் கதை இனிப்பா முடிஞ்சிருக்கணும். முடியலை.

2017-லிருந்து ஹங்ரிபாக்ஸ் ஜெயிச்சுக்கிட்டே இருந்தார். 2018 செப்டம்பரில் ஆர்மாடா ஒற்றையர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார், பெரிய தடை ஒண்ணு விலகிச்சு. ஜெயிச்ச விதத்தில் பழைய சுவர் மட்டும் இல்லை. மேடையின் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கறது, விடறது, மறுபடி பிடிக்கறது. விளிம்பைப் பிடிச்ச கணம் கொஞ்ச நேரம் யாரும் அடிக்க முடியாது. எதிரி நெருங்கப் பயப்படுவான், இவர் இறங்க மாட்டார், கடிகாரம் ஓடும். கூட்டம் ஊளையிட ஆரம்பிச்சது. 'போர் அடிக்குது' என்பது விமர்சனமா இருந்து கோபமா மாறிச்சு.

இந்தக் கோபத்தை வெறும் ரசிகர் அடம்னு ஒதுக்க முடியாது. மெலீயைத் தூக்கிப் பிடிச்சது அதைச் செஞ்ச கம்பெனி இல்லை, ரசிகர்கள். 2013-ல் எவோவில் ஒரு இடம் பிடிக்க எந்த கேம் ரசிகர்கள் அதிகம் நன்கொடை திரட்டுறாங்கன்னு ஒரு போட்டி வெச்சாங்க, பணம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும். மெலீ ரசிகர்கள் 94,000 டாலருக்கு மேல திரட்டி ஜெயிச்சாங்க. அந்த வருஷம் எவோவில் மெலீயை நேரலையில் காட்ட நின்டெண்டோ முதலில் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பினதும் சில மணி நேரத்திலேயே பின்வாங்கிச்சு. இப்படி வளர்ந்த ஒரு கூட்டத்துக்கு, பார்க்கிற கண்கள்தான் மூச்சு. ஃபைனலை ஆளுங்க பாதியில் மூடிட்டுப் போனா அடுத்த டோர்னமெண்ட் நடக்குமாங்கற பயம் நிஜமானது.

2019 ஏப்ரலில் அதே பவுண்ட் டோர்னமெண்ட். 2008-ல் ஒரு பையன் இதே பஃபை வெச்சு ஜெயிச்சப்போ கொண்டாடின அதே மேடை வரிசை. ஹங்ரிபாக்ஸ் ஜெயிச்சார். ஜெயிச்ச கையோட ஒரு நண்டு பறந்து வந்தது. வீடியோ எல்லா இடத்திலும் ஓடிச்சு. நிறைய பேர் சிரிச்சாங்க, மீம் போட்டாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. ஒருத்தர் விதிக்குள்ள நின்னு, பத்து வருஷமா ஒரே கேரக்டரைச் செதுக்கி ஜெயிச்சிருக்கார். அவர் மேல எறிஞ்சது எதுவா இருந்தாலும், அதோட செய்தி ஒண்ணுதான்: நீ ஜெயிச்ச விதம் எங்களுக்குப் பிடிக்கலை, அதனால நீ ஜெயிச்சதா கணக்கில்லை.

பொறுமை குற்றமா?

என் கருத்தைச் சொல்லிடறேன். இதில் ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்து போச்சு, பிரிச்சுப் பார்க்கணும்.

பேக் ஏர் சுவர் ஆட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு உதையும் ஒரு கேள்வி. எதிரிக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கு, தூரம் தப்பினா பஃப் அடி வாங்கும். ரெஸ்ட் அதைவிட நேர்மையான அடி. தோத்தா என்ன ஆகும்னு எல்லார் கண் முன்னாலயும் நாலு நொடி படுத்துக் கிடந்து காட்டுது. இதைக் கோழைத்தனம்னு சொல்றவங்க ஒருதடவை அந்த நாலு நொடியைப் பஃபோட இடத்திலிருந்து பார்க்கணும்.

விளிம்பில் தொங்கறது வேற. அங்க எதிரி கேட்கிற கேள்விக்குப் பதிலே இல்லாம நேரத்தை ஓட்ட முடியுது. கபடியில்கூட ரெய்டருக்கு 30 நொடிதான். அந்தக் கெடு இல்லைன்னா ரெய்டும் நின்னுபோகும். ஆக, கூட்டத்தின் புகாரில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதிக்கு மருந்து விதியில்தான் இருந்தது. நேரம் முடிஞ்சு வெற்றியைத் தீர்மானிக்கிற ஆட்டங்களில், விளிம்பை இத்தனை தடவைக்கு மேல பிடிச்சிருந்தா தோல்வின்னு பல டோர்னமெண்ட்கள் வரம்பு போட்டாங்க. சுவரை யாரும் தடை பண்ணலை, ரெஸ்டையும் தொடலை. சரியான இடத்தில் கோடு போட்டாங்கன்னு நினைக்கிறேன்.

மிச்சப் பாதிக்கு மருந்து ஆட்டத்திலேயே வந்தது. 2020-ல் ஊரடங்கு நேரத்தில், ஸ்லிப்பிங்கற மென்பொருள் மெலீயை ஆன்லைனில் கிட்டத்தட்ட தாமதமே இல்லாம ஆட வெச்சது. வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கான ஆட்டம். பஃபோட சுவரை எப்படி உடைக்கறதுன்னு புதுசா வந்தவங்களும் படிச்சாங்க. மார்த்தின் வாள் நீளத்தை வெச்சுச் சுவருக்கு வெளியிலிருந்தே பதில் சொன்ன ஸெயின் மாதிரி ஆட்டக்காரர்கள் உச்சத்துக்கு வந்தாங்க. ஹங்ரிபாக்ஸ் அதுக்கப்புறமும் ஆடினார், ஜெயிக்கவும் செய்தார். ஆனா அசைக்க முடியாத ஆளுங்கற காலம் முடிஞ்சது. முடிச்சு வெச்சது மூணு வருஷப் பயிற்சியும் கவனமும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். மெலீ 2001-ல் எப்படி வந்ததோ, டோர்னமெண்ட் மேடையில் இன்னிக்கும் பெரும்பாலும் அப்படியே ஆடுறாங்க. பஃபுக்கு யாரும் பலம் கூட்டலை, குறைக்கலை. 2002-ல் அது சும்மா ஒரு பந்து. 2008-ல் ராட்சசனைச் சாய்ச்ச பொடியன். 2019-ல் அதுவே ராட்சசன். மாறினதெல்லாம் அதை ஆடினவங்களும், எதிர்த்து ஆடினவங்களும், பார்த்தவங்களும்தான்.

அடுத்த தடவை யூடியூபில் ஒரு பஃப் மேட்ச் கண்ணுல பட்டா, ஒண்ணு பண்ணுங்க. பஃபையும் பார்க்காதீங்க, எதிரியையும் பார்க்காதீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற அந்தக் காலி இடத்தைப் பாருங்க. அது யாருக்குச் சொந்தம்னு ஒவ்வொரு நொடியும் கை மாறிக்கிட்டே இருக்கும். 'ஒண்ணுமே நடக்கலையே'ன்னு தோணுற நேரத்தில்தான் நிறைய நடந்துக்கிட்டு இருக்கும்.

அவ்வளவுதான் மக்களே இன்னைக்கு. நீங்க ஆடுற கேமில், எல்லாரும் திட்டுற ஆனா உங்களுக்கு மட்டும் பிடிச்ச கேரக்டர் எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். நல்லா தூங்குங்க. நாலு நொடிக்கு மேலயே.